சூடு தெரியாத கால்

கால் கழுவுகிறவர்களில் பெரும்பாலோர் விரலிடுக்கைத் துடைப்பதில்லை. மேலாகத் துண்டை ஒற்றிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அது ஆகாது. ஈரம் நின்றால் தோல் ஊறும், ஊறினால் வெடிக்கும், வெடிப்பில் புண் வைக்கும். புத்தூரில் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், மேடம். பெண்டாட்டி காலை மடியில் வைத்துத் துடைத்துவிடுகிற ஆம்பளை என்று என்னைத்தான் கைகாட்டுவார்கள்.

என் பெயர் பாலசுந்தரம். ரேணிகுண்டாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தோரு வருஷம் ஃபிட்டராக இருந்தேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, இனி நானும் ஸ்வர்ணலதாவும் ஒன்றாக இருக்கலாம் என்று நினைத்தேன். அந்த வருஷம்தான் மகள் மோகனப்ரியா கல்யாணமாகிச் சத்தியவேட்டுக்குப் போனாள். மகள் போனதும் அம்மாவுக்குக் கால் முளைத்துவிட்டது. திருச்சானூரில் நாலு பெண்கள் சேர்ந்து நடத்தும் தையல் கடைக்குப் போக ஆரம்பித்தாள். காலையில் பஸ் ஏறினால் திரும்ப ஏழாகும். எனக்குச் சோறு மூடி வைத்துவிட்டுத்தான் போவாள். அதில் குறை சொல்ல மாட்டேன். வந்த பிறகும் அந்தப் பெண்களோடு ஃபோனில் தெலுங்கில் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பாள். முப்பது வருஷத்தில் என்னிடம் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

அவள் காலில் உணர்ச்சி குறைந்துகொண்டே வருகிறது என்று திருப்பதியில் ஒரு கிளினிக்கில் சொன்னார்கள். கோதை என்கிற நர்ஸ் என்னைத் தனியே உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

"சார், அம்மாவால குனிஞ்சு அடிப்பாதத்தப் பாத்துக்க முடியாது. நீங்கதான் அவங்களுக்குக் கண்ணு."

வெந்நீரை முழங்கை வைத்துப் பார்க்க வேண்டும். செருப்புப் போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவ வேண்டும். தினமும் அடிப்பாதத்தைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டேன். ஒரு மெஷினை எப்படிக் காப்பது என்று தெரிந்தவனுக்கு அது எப்படிக் கெடும் என்பதும் தெரியும்.

முதல் தடவை நான் ஒன்றும் செய்யவில்லை. செருப்புக்குள் எங்கிருந்தோ புகுந்த ஒரு கல்லோடு அவளே நாள் முழுக்க நடந்திருக்கிறாள். வலது பாதத்தில் கொப்புளம். மூன்று வாரம் காலை ஊன்றக் கூடாது என்றார் டாக்டர். அந்த மூன்று வாரமும் நாங்கள் இருவரும் சேர்ந்து சாப்பிட்டோம். தண்ணீர், சீப்பு, போர்வை, எதுவானாலும் என்னைத்தான் கேட்டாள். நான் எடுத்துத் தந்தேன்.

புண் ஆறியது. "நாளைலருந்து கடைக்குப் போறேங்க. அங்க சுந்தரம்மா எனக்காகக் காத்துக்கினு கீது" என்றாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

அன்று சாயங்காலம் அவளுடைய செருப்பின் உள்தோலைப் பிரித்து, ஒரு ஜல்லித் துண்டை வைத்து, மறுபடி ஒட்டினேன். கைவிட்டுத் தடவினால் தெரியாது. ஆள் ஏறி நின்றால்தான் அழுத்தும். வேலை சுத்தமாக இருந்தது.

இந்தமுறை புண் ஆழமாக வைத்தது. கட்டுப் போடுவது நான், அவிழ்ப்பது நான். மருந்தை ஓரத்தில் தடவினேன். விரலிடுக்கில் ஈரத்தை விட்டுவைத்தேன். அடிப்பாதத்தைப் பார்க்க அவள் கண்ணாடி கேட்டாள், உடைந்துவிட்டது என்றேன். டாக்டரிடம் போகலாமா என்றாள்; நான் மட்டும் போய்க் கேட்டுவிட்டு வந்ததாகச் சொன்னேன். வலிதான் இல்லையே, நம்பினாள்.

ஒருநாள், "இன்னாங்க, ஏதோ நாத்தம் வருதே?" என்றாள்.

"மருந்து வாசனை" என்றேன்.

மூன்றாவது வாரம் குளிர்காய்ச்சல் கண்டது. அதற்குமேல் வீட்டில் வைத்திருக்க நான் ஒன்றும் இரக்கமில்லாதவன் இல்லை. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க இல்லாங்காட்டி நான் இன்னா ஆயிருப்பேன்" என்றாள். என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் சொல்லாத நல்ல வார்த்தை அது.

அத்தோடு விட்டிருப்பேன். அந்த டாக்டர்தான் செயற்கைக் கால் பற்றிப் பேச்செடுத்தார். ஆறு மாதத்தில் படிகூட ஏறலாம் என்றார். ஸ்வர்ணலதா உடனே சுந்தரம்மாவுக்கு ஃபோன் போட்டாள். அந்தச் சிரிப்பு மறுபடியும் கேட்டது.

மிச்சமிருந்தது இடது கால்.

புண் வைத்து அழுகவிட நாளாகும். அதனால் வெந்நீர். நாற்காலியில் உட்காரவைத்து, பேசினில் காலை வைத்து, மொண்டு மொண்டு ஊற்றினேன். ஒர்க்‌ஷாப்பில் போட்டுக்கொண்டிருந்த தடித்த கையுறையைப் போட்டிருந்தேன். அவள் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவி வருவதைப் பார்த்து, "ரொம்ப சூடா?" என்றாள். "இதமாத்தான் கீது" என்றேன்.

அம்மாவைக் கொஞ்சநாள் தன்னோடு வைத்துக்கொள்ளலாம் என்று மோகனப்ரியா சொல்லாமல் கொள்ளாமல் வந்தது அந்த நேரத்தில்தான். "நான் கழுவுறேன், நீ எழுந்திரு நைனா" என்று சொல்லிக்கொண்டே பேசினுக்குள் கையை விட்டவள் அலறி இழுத்துக்கொண்டாள். சிவந்த தன் விரல்களைப் பார்த்தாள். அப்புறம் என் கையுறையைப் பார்த்தாள்.

"இன்னா பண்ணிக்கினு கீற நைனா?"

நான் கையுறையைக் கழற்றினேன். ஸ்வர்ணலதா குனிந்து, பாதத்தில் தோல் உரிந்து தொங்குவதைத் தன் கண்ணாலேயே பார்த்தாள். காலை மெதுவாக வெளியே எடுத்து, புடவையால் மூடிக்கொண்டாள். என்னிடமிருந்து எதையோ ஒளிப்பதுபோல.

"எந்துகு சார்?" என்று நீங்கள் இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். செருப்பு, கண்ணாடி, வெந்நீர், எல்லாம் நான் செய்ததுதான். வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஏன் என்றுதான் இவ்வளவு நேரம் சொன்னேன். ஒரு மனுஷன் தன் மனைவி வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான். இதில் புரியாதது என்ன இருக்கிறது?

என்னைப் பார்க்க வர மாட்டேன் என்று அவள் சொன்னதாகச் சொல்கிறீர்கள். அப்படிச் சொல்லியிருக்க மாட்டாள், மேடம். அவளால் நடந்து வர முடியாது, அவ்வளவுதான்.