அடியில் ஒரு குழாய்

— ஆகவே, கள்ளக்குறிச்சி மாவட்டப் பொதுமக்களின் மேலான கவனத்திற்கு! வெள்ளைக்காரன் முப்பதாயிரம் ரூபாய்க்கு விற்கிற பீர் ஊறல் பாத்திரத்தை, ஓய்வுபெற்ற ஒன்றிய அலுவலக உதவியாளர் செபாஸ்தியானாகிய நான், வீட்டிலிருந்த சாதாரண ஐஸ் பெட்டி ஒன்றில், முந்நூற்று நாற்பது ரூபாய்ச் செலவில் உருவாக்கியுள்ளேன் என்பதை... ரீத்தா, கை தட்டு.

— கையில மாவு இருக்குதுங்க. அது வூட்ல இருந்த சாதாரண பொட்டியும் இல்ல, என் மீன் பொட்டி. ஒம்போது மணிக்கு சின்னதுரை ஜீப்பு வந்துரும். வெள்ளிமலைல பதினாறு வூடு சங்கரா மீனுக்குச் சொல்லி வச்சிட்டு உக்காந்துக்கினு இருக்குது.

— பார்லியும் சுடுதண்ணியும் ஏழு மணிக்கு உள்ள போச்சு. ஒரு மணி நேரம், அறுபத்தேழு டிகிரி. எட்டு மணிக்குத் தெறப்பு விழா. நோட் பண்ணிக்கோ.

— அறுபத்தேழுன்னு எத வச்சிப் பாத்தீங்க?

— விரல உட்டுப் பாத்தேன்.

— விரலு அறுபத்தேழுன்னு சொல்லிச்சா?

— அனுபவம்னு ஒண்ணு இருக்குது ரீத்தா.

— ஆமா, முப்பத்தோரு வருஷம் பி.டி.ஓ.வுக்கு டீ வாங்கிக்கினு வந்த விரலு. சூடு தெரியாம இருக்குமா.

— உன் தம்பி ஆசீர்வாதம் பெங்களூர்ல உக்காந்துக்கினு இந்தப் பொட்டி வீடியோவ அனுப்பி, கீழ இன்னா எழுதினான்? "மாமாவால இதெல்லாம் ஆவாது." ஆவாதா? ஆயிட்டுது பாரு!

— சின்னப் பையன். எதையாவது எழுதுவான்.

— நாப்பத்திரெண்டு வயசு சின்னப் பையன்! நல்லா கேட்டுக்கோ. சில்லுன்னு வச்சா சில்லுன்னே இருக்கும், சூடா வச்சா சூடாவே இருக்கும். இத்தினி வருஷமா இத மீன் பொட்டின்னு ஒரு குறுகிய பார்வைல பாத்துக்கினு இருந்தோம்.

— நீங்க பாத்துக்கினு இருந்தீங்க. நான் தூக்கிக்கினு இருந்தேன்.

— அந்தக் கொழாயப் பாரு. இன்னா கம்பீரம்!

— அரை இஞ்சிக் கொழாய வாங்கிக்கினு வந்து நின்னீங்க. முக்கா இஞ்சிக்கு மாத்திக்கினு வாங்கன்னு திருப்பி அனுப்புனது யாரு?

— நீதான்.

— ஓட்டைய நாலு விரல் மேல ஏத்திப் போடப் போனீங்க. அடியோட அடியாப் போடுங்கன்னு நான் போட்ட சத்தத்துல பக்கத்து வூட்டு காசியம்மா எட்டிப் பாத்துது.

— அதான் சொல்றேன், பீரு சமாச்சாரம் உனக்கும் ரத்தத்துலயே இருக்குது. வாழ்க்கைத் துணைன்னா இப்படி அமையணும். உள்ள மாட்டிகிற வலையப் பத்தி இன்னா சொல்ற?

— வாஷ்பேசினுக்குத் தண்ணி போற பைப்ப அறுத்து, ரப்பர உருவிப் போட்டுட்டு, அதும் மேல சுத்தியிருந்த கம்பி வலைய மட்டும் மாட்டிகிறீங்க. மூஞ்சி கழுவ கொல்லைக்குப் போய்க்கினு இருக்கோம்.

— விஞ்ஞானத்துக்கு மூஞ்சி முக்கியமில்ல. சக்கை வலைல நிக்கும், சாறு கொழாயில வரும். அந்தச் சாற கொதிக்க வச்சி, ஆற வச்சி, ஈஸ்ட்டு போட்டுட்டா...

— சாரு! ரீத்தாக்கா! பொட்டி ரெடியா?

— வா சின்னதுரை! சரித்திர நேரத்துலதான் வந்துகிற.

— சரித்திரம் கெடக்குது சார். கடலூர் வண்டி இன்னிக்கு சீக்கிரமே வந்துட்டுது. மீனும் ஐஸும் கூடையில ஒழுவிக்கினு ஜீப்புல கீது. யக்கா, முன்னாடியே சொல்லிடறேன். போன வெள்ளிக்கிழம மூணாவது வளைவுல நிறுத்தி நீ பொட்டியக் கவுத்து ஊத்துனியே, சவாரி வந்த வாத்தியாரு வேட்டி பூரா மீன் தண்ணி. வெள்ளிமலை வரைக்கும் அவரு என்னைய திட்டிக்கினே வந்தாரு. இன்னிக்கும் கவுத்து ஊத்துற வேல இருந்தா பொட்டி ஜீப்புல ஏறாது.

— நாலு மணி நேரத்து ஐஸு கரைஞ்சி உள்ளயே நின்னா மீனு ஊறிப் போவும் சின்னதுரை. ஊறுன மீன எவ வாங்குவா?

— வாஸ்தவம்தான். ஆனா எனக்கு சவாரி முக்கியம்க்கா. சனம் ஏறமாட்டேங்குது.

— இன்னிக்குக் கவுக்கமாட்டேன். நீ உக்காரு.

— இன்னா சார் இது, உள்ள சாராய ஊறல் போட்டுகிறியா? மலைக்கு ரெண்டு கிலோ வெல்லம் ஏத்திக்கினு போனாலே செக்போஸ்ட்ல பொங்கலுக்கா வேற எதுக்கான்னு கேக்கறாங்க. இத்தப் பாத்தா?

— ஊறல்னு சொல்லாத! இது விஞ்ஞானம்.

— செயில்ல விஞ்ஞானிக்குன்னு தனி ரூமு குடுப்பாங்களாங்க?

— ரீத்தா, விழா மேடைல கிண்டல் வேணாம். மணி எட்டு. சின்னதுரை, நீதான் சிறப்பு விருந்தினர். கொழாயத் தெற.

— தெறந்துட்டேன் சார்.

— இன்னா வருது?

— ஒண்ணும் வரல. இரு சார், மூச்சு வுடுது... ஒரு சொட்டு வந்துச்சு. வுழாம தொங்கிக்கினு கீது.

— மேல கரண்டிய போட்டுக் கிளறு.

— கரண்டி நட்டுக்கினு நிக்குது சார். கை எடுத்தாலும் நிக்குது.

— ரீத்தா! கொஞ்சம் வந்து பாரு.

— இதுல பாக்க இன்னா இருக்குது? கஞ்சி.

— கஞ்சியா? இது மால்ட்டும்மா!

— மால்ட்டுன்னா முளை கட்டிக் காய வச்சது. நீங்க சீட்டுல எழுதிக் குடுத்தது பார்லி. நாட்டு மருந்துக் கடைல நாலு கிலோ நிறுத்துக் குடுத்தான். தோலு சீவுன பார்லிங்க, பத்து நாளு ஈரத்துணில கட்டி வச்சாலும் முளைக்காது. கேவுரு முளைகட்டி ரெண்டு புள்ளைங்கள வளத்தவ நானு.

— தெரிஞ்சிருந்தா அன்னிக்கே சொல்றதுதானே?

— கிட்னில கல்லு இருக்குது, பார்லி கஞ்சி குடிங்கன்னு டாக்டரு ரெண்டு வருஷமா சொல்றாரு. நான் காச்சிக் குடுத்தா "தீர்மானம் நிராகரிக்கப்பட்டது"ன்னு டம்ளர நவுத்தி வச்சீங்க. இப்ப நீங்களே உங்க கையால நாலு கிலோ காச்சிகிறீங்க.

— நான் ஒரு வாய் பாத்தேன் சார். உப்புதான் கம்மி. கெளங்கா மீன் வாசம் கொஞ்சம் ஜாஸ்தி.

— எலுமிச்சம்பழம் போட்டு மூணு தடவ தேய்ச்சேனே!

— எட்டு வருஷத்துக் கெளங்காங்க அது. மூணு எலுமிச்சம்பழத்துக்கா போவும்? சின்னதுரை, ஒரு கை புடி. கஞ்சிய அண்டாவுல கொட்டுவோம்.

— மெதுவாக்கா... ஆங், போதும். தண்ணிய அடி. வலைல ஒட்டிக்கினு இருக்கறதையும் கழுவு.

— நோட் பண்ணிக்கோங்க ரெண்டு பேரும். இது தோல்வி இல்ல. மூலப்பொருள் கோளாறு. பாத்திரம் பாஸ்! அடுத்த கூட்டத்துல...

— ஐஸக் கொட்டு சின்னதுரை. மீன மேல அடுக்கு. இப்ப அந்தக் கொழாயத் தெற.

— யக்கா! தண்ணி மட்டும் தனியா வருதுக்கா! செதிலு, குடலு எல்லாம் வலைலயே நின்னுட்டுது. கொழாய மூடுனா ஒரு சொட்டு வரல!

— இனிமே வளைவுல ஒரு பக்கெட்ட வச்சித் தெறந்தாப் போதும். கவுக்கற வேலையே இல்ல. என் இடுப்பும் பொழைச்சிது.

— பாத்தியா ரீத்தா! பீருன்னு நெனச்சி ஆரம்பிச்சேன், மீன் வியாபாரத்துக்கே ஒரு புரட்சி! உடனே போட்டோ எடுத்து ஆசீர்வாதத்துக்கு அனுப்பு. மாமாவால ஆவாதுன்னு சொன்ன வாயில மண்ணு.

— எட்டு வருஷமா கேட்டேங்க. அடியில ஒரு ஓட்டை போட்டு ஒரு கொழா வச்சிக் குடுங்கன்னு. "கம்பெனி பொட்டி, ஓட்டை போட்டா கேரண்டி போயிடும்"னீங்க.

— அது வெறும் மீனுக்கு. இது விஞ்ஞானத்துக்கு.

— அதான்.

— அதான்னா?

— யக்கா, ஏறு. வாத்தியாரு பஸ் ஸ்டாண்டுல நிக்கறாரு.

— தோ வந்துட்டேன். ன்னாங்க, அண்டாவுல உப்பு போட்டு வச்சிகிறேன், வேளைக்கு ஒரு சொம்பு குடிங்க. அந்த வீடியோவ அனுப்பச் சொன்னது நான்தான்.

— கீழ எழுதியிருந்துச்சே, அது?

— அதுவும் நான் சொல்லச் சொல்லத்தான் எழுதினான்.