தெருமுனை திரும்பறதுக்குள்ள

ஓரளவுன்னா என்னம்மா? அதெல்லாம் ஒரு பதிலா? நான் பழைய கட்டில், பீரோ வாங்கி விக்கறவன். எவனாவது வந்து இந்தக் கட்டில் ஓரளவு உறுதியா இருக்கும்னு சொன்னா, அவனக் கட்டிலோட தூக்கித் தெருவுல போட்டுருவேன். நீ என்னடான்னா, சர்வேன்னு வந்து, போன வருஷத்துக்கு இப்ப உங்க நெலம ஓரளவு தேறியிருக்கா, ஓரளவு மோசமாங்கற. த்தூ! உன்னச் சொல்லலம்மா. உக்காரு. அதுல வேணாம், அதுக்கு ஒரு கால் ஒட்டு போட்டது. இதுல உக்காரு. அந்தக் கைப்பைய மட்டும் நகத்தாத, இருக்கட்டும்.

கேளு. நடுவுல போன் வந்தா எடுப்பேன், கோச்சுக்காத. ஒரு எடத்துல வெல பேசிட்டுப் பாதியில எழுந்து வந்திருக்கேன். கூப்பிடுவாங்க.

விலைவாசியா? மோசம், போட்டுக்கோ. வேலைவாய்ப்பா? படிச்ச புள்ள நீ, வெயில்ல வீடு வீடா ஏறி எறங்கி ஊரான் கவலைக்கு டிக் அடிச்சுக்கிட்டு இருக்க, இதுல என்னக் கேக்கற! அக்கம்பக்கத்துல நம்பிக்கையா? பக்கத்துக் கடை மெத்தைக்காரன் பழைய பஞ்ச புது உறையில அடைச்சு விக்கறான். முழு நம்பிக்கைன்னு போடு. இதெல்லாம் யாரு படிக்கப் போறா? ஏசி ரூம்ல ஒருத்தன் வட்டம் போட்டு, கலர் கலராப் பிரிச்சு, மக்கள் ஓரளவு கவலையா இருக்காங்கன்னு சொல்லிக் கைதட்டு வாங்குவான். நெனச்சாலே குமட்டுது.

என்னது? எழுந்து வந்துட்டா எப்படிக் கூப்பிடுவாங்களா? அதாம்மா தொழிலே. ஒரு வீட்ல பீரோவுக்கு வெல சொல்றாங்கன்னு வெச்சுக்கோ. மூஞ்சியச் சுளிச்சு, கதவ ரெண்டு தட்டு தட்டி, செருப்ப மாட்டிக்கிட்டுக் கெளம்பிடுவேன். திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தோம், நம்ம ஆசை மூஞ்சில தெரிஞ்சுடும். தெருமுனை திரும்பறதுக்குள்ள, ஏங்க, கொஞ்சம் வாங்கன்னு சத்தம் வரும். இதுவரைக்கும் தவறுனதே இல்ல. பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் சொந்தமா கடை போட்டேன்னா, இந்த முதுகக் காட்டித்தான் போட்டேன்.

அடுத்து? மருத்துவச் செலவு பத்திக் கவலைப்படறீங்களா. மிகவும், ஓரளவு, இல்லவே இல்ல... அத விடு. அடுத்ததுக்குப் போ.

போகாதா? இதுக்குப் பதில் போட்டாத்தான் நகருமா? கையில வெச்சிருக்கியே, என்ன மெஷினும்மா இது, அடம் புடிக்கற மாடு மாதிரி.

நீ அந்தப் பையவே பாத்துக்கிட்டு இருக்க. என் பொண்டாட்டியோடது. காலைல ஆஸ்பத்திரிக்குப் போனோம். வயித்துல கட்டி, தள்ளிப்போடக் கூடாது, இன்னிக்கே அறுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. கவுன்டர்ல ஒரு டை கட்டுனவன் வெல சொன்னான், சோபா செட்டுக்குச் சொல்றாப்ல. பாத்துச் சொல்லுப்பான்னேன். இங்க பேரமெல்லாம் கெடையாது சார்ங்கறான். எனக்கு வந்துச்சே ஆத்திரம்! இவ காதுல சொன்னேன்: நீ பெஞ்சுல உக்காரு, நான் போற மாதிரி போறேன், வாசல் தாண்டறதுக்குள்ள கூப்பிடுவான் பாருன்னு. அந்த வலியிலயும் அவளுக்குச் சிரிப்பு. பைய என் கையில குடுத்துட்டா.

நடந்தேன். வாசல் வந்துச்சு. பஸ் ஸ்டாப்பும் வந்துச்சு. ஒருத்தனும் கூப்பிடல. நானும் திரும்பிப் பாக்கல. பஸ் வந்து நின்னுச்சு, ஏறிட்டேன்.

ஏன் அப்படிப் பாக்கற? போவேன், போகாம என்ன. நானாப் போய் நின்னா அவன் சொன்னதுதான் வெல. அதுக்குத்தான் பாக்கறேன். அவளுக்குப் போன் போடச் சொல்றியா? அவ போன் இந்தப் பைக்குள்ளதான் கெடக்கு. அங்க குடுத்தது என் நம்பரு.

ஏம்மா, ஒரு உதவி பண்ணு. ஆரம்பத்துல என் நம்பர் வாங்குனியே, அதுக்கு ஒரு தடவ அடி. மணி கேக்குதான்னு பாத்துடலாம்.

கேக்குது.

கட் பண்ணு, கட் பண்ணும்மா. இந்த நேரம் பாத்து அவங்க கூப்பிட்டா லைன் கெடைக்காது.