பதிவேட்டில் ஏறாத மனு

— ...மேடம், முதல்ல உட்காருங்க. வந்ததும் வராததுமா...

— உட்கார நேரமில்லண்ணே. இந்தத் தடவை மனு எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, முறையா வந்திருக்கேன். கோர்ட்டு சீல் வச்ச நகல் வேணும்.

— அதே வக்கீலோட கேஸ் கட்டுதானா?

— வேற எது? பன்னெண்டு வருஷமா அந்த ஒரு மனுஷன் பின்னாடிதானே அலையறேன்.

— கட்டிக்கிட்டவர் பின்னாடிகூட இப்படி அலைஞ்சிருக்க மாட்டீங்க.

— இவரு செத்து நூத்திருபது வருஷமாச்சு, அதான் ஓடாம இருக்காரு... கட்டை எடுங்கண்ணே.

— இல்ல... அந்தக் கேஸுக்குக் காரணமான நாவலை எழுதினது அவர்தான்னு எல்லாருக்கும்தான் தெரியுமே?

— பேர் போடாம வந்த நாவல். யாரு ஒத்துக்கிட்டா? அவரே கோர்ட்டுல கொடுத்த வாக்குமூலம் ஒண்ணுதான் சாட்சி. 'கதையை எழுதியது நான். அதில் வரும் பெண் என் மகள்.'

— அந்தப் பொண்ணு...

— எங்கம்மாவோட பாட்டி. அப்பன் பேர் தெரியாத குடும்பம்னு எங்கம்மா காது புளிக்கக் கேட்டாச்சு. இப்போ படுத்த படுக்கை. டாக்டர் வாரக்கணக்குதான் சொல்றாரு. போறதுக்குள்ள சொந்தக்காரங்க முன்னாடி அந்த நகலைக் காட்டணும்.

— மேடம்... ரெண்டு வருஷம் முன்னாடி, மனு வாங்காமலே கட்டைக் கொடுத்தேனே... ஞாபகம் இருக்கா?

— மறப்பேனா? 'நீங்க நம்ம ஆளு, மனுவெல்லாம் எதுக்கு'ன்னீங்க.

— மனு வாங்கியிருந்தா பதிவேட்டுல ஏறியிருக்கும்...

— ஏறலைன்னா என்ன?

— முப்பது வருஷமா யாரும் கேக்காத கட்டையெல்லாம் அழிக்கச் சொல்லி உத்தரவு. பதிவேட்டைப் பார்த்துத்தான் பட்டியல் போட்டாங்க.

— அண்ணே!

— போன மாசம் லாரி வந்துச்சு. நான் அன்னிக்கு லீவு... இல்ல, பொய் எதுக்கு? நானேதான் ஏத்திவிட்டேன். நம்பரைக்கூடப் பார்க்கலை. எல்லாம் பேப்பர் மில்லுல கூழாப் போச்சு.

— அந்த வக்கீல் கட்டுமா?

— அதுவும்தான். திட்டுங்க மேடம். நல்லது பண்றேன்னு உங்க தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டேன்... ஒரு போட்டோவாவது எடுத்து வச்சிருக்கீங்களா?

— போட்டோ எதுக்குண்ணே? அந்த வாக்குமூலமே என் பையிலதான் இருக்கு. அம்மாகிட்ட காட்டணும்னு அன்னிக்கே உருவிட்டுப் போயிட்டேன். இன்னிக்கு உங்களுக்குத் தெரியாம கட்டுல திரும்ப வச்சுட்டு, சீல் வாங்கிக்கலாம்னு வந்தேன்... கட்டே இல்லைன்னா, இதை நானே எழுதினதுன்னுதானே சொல்லுவாங்க?