கார்டைப் பூட்டிய நாள்

மளிகைச் சாமான் எப்படியும் வாங்கத்தான் போகிறோம். அதில் நூற்றுக்கு ஐந்து திரும்ப வருகிறது என்றால் வேண்டாம் என்பவன் முட்டாள். இதை என் மனைவிக்கு நான் விளக்காத நாளில்லை, ஐயா.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். இருட்டுக் குழிக்குள் இறங்கிச் சம்பாதிக்கும் பணம். பெரிய சூப்பர் மார்க்கெட்டில் கார்டைத் தேய்த்தால்தான் அந்த ஐந்து வரும். அவளோ தெருமுனைக் கடையில் ரொக்கம் கொடுத்து வாங்குவாள். கேட்டால், "அந்த அக்கா என்கிட்ட நாலு வார்த்தை பேசுறாங்க. நீங்க பில்லுகிட்டதான் பேசுறீங்க" என்பாள்.

அதனால் ரொக்கம் கொடுப்பதை நிறுத்தினேன். தையலில் அவளுக்கு வந்ததையும் வாங்கி வைத்துக்கொண்டேன். என் கணக்கிலேயே இன்னொரு கார்டு எடுத்துக் கொடுத்தேன். இவளுக்குக் கடன் கொடுத்தால் நான் பொறுப்பில்லை என்று கடைக்கார அக்காவிடமும் சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பத் தரும் பணத்துக்கு வங்கி மாதாமாதம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. போன மாதம் இருபத்தேழாம் தேதியே அது முடிந்துவிட்டது. ஒன்றாம் தேதிவரை எதுவும் வாங்காதே என்றேன்.

"வீட்ல சர்க்கரைகூட இல்லை. இன்சுலின் போட்டுக்கிறவ நான்."

"சர்க்கரை வியாதிக்காரிக்குச் சர்க்கரை எதுக்கு?"

என்னை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளங்காலிலிருந்து உச்சிவரை பற்றிக்கொண்டு வந்தது. அவள் எதிரிலேயே என் செல்போனில் அந்தக் கார்டைப் பூட்டினேன்.

இரண்டு நாள் கழித்து, காலை பதினோரு மணி. வேலையில் இருந்தேன். அவள் கார்டில் ஒரு சின்னத் தொகை போகவில்லை என்று செய்தி வந்தது. மறுபடியும் வந்தது. பிறகு அவளே அழைத்தாள்.

"வேர்த்து ஊத்துது. ஜூஸ் வாங்கணும். கார்டைத் திறந்து விடுங்க."

"ரெண்டு நாள் பொறுத்துக்கோ" என்று வைத்துவிட்டேன்.

மீண்டும் அழைத்தாள். சொன்னதையே சொன்னாள், நாக்கு தடித்தவள் போல. மூன்றாம் முறை மணி அடித்தபோது செல்போனை அணைத்தேன். சூப்பர் மார்க்கெட் வாசலில் விழுந்தவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

இப்படி ஆகும் என்று தெரியாது என்று காலையில் உங்களிடம் சொன்னேன். அது பொய். வேர்க்கும், பேச்சு குழறும், உடனே இனிப்பு கொடுக்கணும் என்று டாக்டர் என்னையும் உட்கார வைத்துத்தான் சொன்னார். தெரிந்துதான் அணைத்தேன்.

ஆனாலும் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. கெஞ்சியிருந்தால் திறந்துவிட்டிருப்பேன். குழறினாளே தவிர, கடைசிவரை அவள் கெஞ்சவில்லை.