ஆறு மணிவரை திறக்காத கதவு

எங்கள் கீழறைக்கு உயரம் போதாது, இன்ஸ்பெக்டர் மேடம். கையைத் தூக்கினால் கூரை தட்டும். வினை அங்கேதான் தொடங்கியது.

நீங்கள் கஞ்சாச் செடி வளர்த்ததில்லை என்கிறீர்கள், அதனால் பொறுமையாகவே சொல்கிறேன். கனடாவில் வீட்டுக்கு நாலு செடி சட்டப்படி வைத்துக்கொள்ளலாம். என்னிடம் நாலுதான். தினம் பதினெட்டு மணி நேரம் விளக்கு எரியும்வரை அது சாதுவாக வளரும். வெளிச்சத்தைப் பன்னிரண்டு மணியாகக் குறைத்தால் பூக்கத் தொடங்கும், கூடவே மூன்றே வாரத்தில் இரண்டு மடங்கு உயர்ந்துவிடும். அதற்காகத்தான் இடுப்பளவில் சுவருக்குச் சுவர் கம்பி வலை கட்டுவது. நுனி தலை நீட்டும்போதெல்லாம் வளைத்து வலைக்கடியில் திருப்பிவிட வேண்டும். இந்த முறை வலையை இரண்டு வாரம் பிந்திக் கட்டினேன். நுனிகள் விளக்கைத் தொட்டுக் கருக ஆரம்பித்தன. தப்பு என்னுடையதுதான், மறைக்கவில்லை.

எல்லாம் என் மனைவி தூனியாவுக்காக. அவளுக்குப் பதினோரு வருடமாக நரம்பு நோய். கால்கள் முறுக்கி இழுக்கும்போது தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பாள். கடை எண்ணெய் எதற்கும் அந்த வலி கேட்கவில்லை. இந்தப் பூவில் நான் காய்ச்சும் எண்ணெய்க்குத்தான் கேட்டது.

பூக்கும் காலத்தில் இருட்டு நேரம் முழு இருட்டாக இருக்க வேண்டும். இடையில் வெளிச்சம் பட்டால் செடி குழம்பிப்போய் விதை வைக்கும், பூவில் சத்து போய்விடும். போன முறை தூனியா ஜாம் பாட்டில் தேடி இரண்டு தடவை டார்ச்சோடு உள்ளே போய்விட்டாள். விளைச்சல் பாழ். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. அதற்கப்புறம்தான் கதவுக்கு வெளியே தாழ்ப்பாள் வைத்தேன். என் விளக்கு மாலை ஆறுக்கு எரியும், காலை ஆறுக்கு அணையும். நமக்குப் பகல், செடிக்கு இருட்டு.

செவ்வாய்க்கிழமை காலையும் விளக்கு அணைந்ததும் தாழ்ப்பாள் போட்டேன். பாதிப் படி ஏறியிருப்பேன்.

"யோவ் வசிலி! உள்ள நான் இருக்கேன்யா!"

திரும்பி ஓடி இறங்கினேன். மாதக்கணக்கில் படி இறங்காதவள். அன்றைக்குக் கால் கொஞ்சம் சும்மா இருந்ததாம், நான் எழுமுன்னே கைப்பிடியைப் பிடித்து இறங்கி, வலைக்கடியில் தவழ்ந்து, பின்மூலைக்குப் போயிருக்கிறாள்.

"உன் தடிக்கை அந்த மூலைக்கு எட்டவா போகுது? நாலு நுனியத் திருப்பிட்டேன். அப்புறம் காலு இழுத்துக்கிச்சு. விழுந்ததுல தலை இரும்புல மோதிடுச்சு. ஈரமா இருக்கு."

"ரத்தமா?"

"இருட்டுல என்னத்தக் கண்டேன்?"

ஜூன் மாதம். கதவுக்கு எதிரே இருந்த படிக்கட்டு ஜன்னலில் சூரியன் நேராக அடித்தது. கதவைத் திறந்தால் வெயில் செடிமேல்தான் விழும்.

"தூனியா, சாயங்காலம் ஆறுவரைக்கும் தாங்குவியா?"

"போன குளிர்காலம் மாதிரி இன்னொண்ணு என்னால முடியாது. சரி, தெறக்காத."

இதை எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அவளேதான் சொன்னாள்.

நாற்காலியைக் கதவருகே போட்டு உட்கார்ந்தேன். அவளைத் தனியாக விடவில்லை. "நம்ம கல்யாணத்தன்னிக்குக்கூட நீ இப்படிப் பக்கத்துல உக்காரலையேய்யா" என்று கேலி செய்தாள். பிறகு எங்கள் ஜெபச் சங்கீதங்களைப் பாடினாள். பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு ஃபெத்யா உருளைக்கிழங்கு வைத்துச் சுட்ட பிரஹி ரொட்டிகளை மேல் வாசலுக்குக் கொண்டுவந்தான்.

"கீழ பாடுறது தூனியாவா? குரல் இன்னும் கணீர்னு இருக்கே!"

"ஆமா, வேலையா இருக்கா" என்றேன். அவன் போய்விட்டான். நான் இரண்டு தின்றேன், அவளுக்கு மூன்று எடுத்து வைத்தேன்.

பதினொன்றரைக்கு அவள் குரல் மாறியது. "வசிலி, போதும்யா. செடி நாசமாப் போகட்டும். தெற."

மூன்று தடவை தாழ்ப்பாளில் கை வைத்தேன். பொய் சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், அப்போது திறந்தால் அவள் அதுவரை பட்டதெல்லாம் வீண். அதை அவளிடம் எடுத்துச் சொன்னேன். "ஐயோ, தெறயேன்" என்றாள். நிறைய தடவை சொன்னாள். பன்னிரண்டரைக்குப் பிறகு சொல்லவில்லை. தூங்கிவிட்டாள் என்றிருந்தேன்.

ஜன்னலில் ஒரு போர்வையை மாட்டிவிட்டுத் திறந்திருக்கலாமே என்கிறீர்கள். ஏழு மணிக்கே மாட்டிவிட்டேன், மேடம். ஓரத்தில் நூலளவு வெளிச்சம் கசிந்தது.

நான் ஒரு கோழியைக்கூட அறுத்தவனில்லை. எங்கள் துகோபார் மத ஜனங்கள் இறைச்சி தொட மாட்டோம், துப்பாக்கி தூக்க மாட்டோம். அதற்காகத்தான் முன்னோர்கள் ரஷ்யாவையே விட்டு இந்தக் கனடாவுக்கு வந்தார்கள். கொலை என்ற சொல்லை எங்கள் வீட்டுக்குள் யாரும் சொன்னதில்லை, நீங்கள்தான் முதலில் சொன்னீர்கள்.

ஆறு மணிக்கு விளக்கு எரிந்தது. கதவைத் திறந்தேன். ஒவ்வொரு பூவாகப் பிரித்துப் பார்த்தேன், ஒரு விதை இல்லை. அவள் திருப்பிவிட்ட நாலு நுனியும் வலைக்கடியில் பாந்தமாகப் படிந்திருந்தன. அதற்கப்புறம் குனிந்து அவள் நெற்றியைத் தொட்டேன். சில்லிட்டிருந்தது.

அவள் செத்தது நான் திறக்காததால்தான். ஒத்துக்கொள்கிறேன், காகிதத்தைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் உங்கள் ஆட்களிடம் ஒன்று சொல்லிவையுங்கள். இன்னும் ஆறு வாரத்துக்குப் பகலில் அந்தக் கதவை யாரும் திறக்க வேண்டாம். தூனியா காலுக்கு வேறெந்த எண்ணெயும் கேட்காது.