அண்ணியின் டெமோ கிளாஸ்

– சிரிக்காம உட்காரு தம்பி. நாளைக்கு அந்த டிரெய்னிங் சென்டர்ல என் முன்னாடி உட்காரப்போறவங்க யாரும் என் கொழுந்தன் இல்ல.

– சரிங்க டீச்சர். ஆனா அண்ணி, ஃபிரிட்ஜ் கதவுலயா எழுதப்போறீங்க? அண்ணன் பார்த்தா மயங்கி விழுவாரு.

– விழுந்து எழுந்து ஈரத்துணியால துடைப்பாரு. எட்டு வருஷம் கழிச்சு வேலைக்குப் போகப்போறேன். காலியா இருக்கறது ஒரே வேலை, கிடைக்கறது ஒரே ஒரு டெமோ கிளாஸ். கதவு அழுக்கானா ஆகட்டும். கவனி. இது லினக்ஸ், இந்த லேப்டாப்பை ஓட்டற சிஸ்டம். யார் வேணா சும்மா எடுத்துக்கலாம், உள்ளே பிரிச்சுப் பார்த்து மாத்திக்கலாம். இதுல புதுசா ஒரு ஃபைல் வேணும்னா என்ன செய்வே?

– மவுஸைப் பிடிச்சு ரைட் கிளிக் பண்ணுவேன் டீச்சர்.

– மவுஸ் செத்துப்போச்சு.

– ஐயோ பாவம். நல்ல மவுஸ்.

– வாயாடாதே. லேப்டாப்புல அந்தக் கறுப்பு டெர்மினலைத் திற, கட்டளை அடிக்கிற ஜன்னல். டச்னு அடி, ஒரு இடம் விடு, ஒரு பேர் வை, என்டர் தட்டு.

– தட்டிட்டேன். ஒண்ணும் சொல்ல மாட்டேங்குதே?

– வேலை சரியா நடந்தா இது வாயைத் திறக்காது. எல்எஸ் அடிச்சுப் பாரு, ஃபைல் பேரைக் காட்டும்.

– அட, வந்திருக்கு! உள்ளே காலி. ஆனா டீச்சர், இதைவிடக் குறுக்கு வழி எனக்குத் தெரியும். இந்தக் கூர்க்குறியைப் போட்டுப் பேரை அடிச்சாப் போதும், ஃபைல் ரெடி. பாருங்க: > பாடம்...

– பொறு பொறு! அந்தப் பேர்ல ஏற்கெனவே...

– தட்டிட்டேனே. ஏன்?

– அதுதான் நாளைக்கு நான் நடத்தப்போற பாடம். நாலு பக்கம். திறந்து பாரு.

– அண்ணி... ஒரு எழுத்துகூட இல்ல.

– இருக்காது. டச் போட்டிருந்தா தேதிதான் மாறியிருக்கும், உள்ளே இருந்தது அப்படியே இருக்கும். இந்தக் குறி அப்படியில்ல. ஃபைல் இல்லாட்டி உண்டாக்கும், இருந்தா சுத்தமா வழிச்சுட்டுக் காலியா கையில கொடுக்கும்.

– இதையும் பாடமாவே சொல்றீங்களே! வேற காப்பி வச்சிருக்கீங்களா?

– இல்ல. எதுக்கு? இவ்வளவு நேரம் ஒரு வரியாவது பார்த்துப் படிச்சேனா? நல்லதாப் போச்சு. நாளைக்கு இதையே அவங்க முன்னாடி செஞ்சு காட்டறேன், ஒருத்தரும் ஆயுசுக்கும் மறக்க மாட்டாங்க.

– அண்ணி, சத்தியமா நான் வேணும்னு பண்ணல.

– வேணும்னு பண்ணேன்னு யார் சொன்னா?

– நாளைக்கு நீங்களே நினைப்பீங்க. அந்த வேலைக்கு... நானும் அப்ளை பண்ணியிருக்கேன். உங்களுக்கு அடுத்த டெமோ என்னுது. உங்ககிட்ட சொல்லத்தான் வாய் வரல.

– தெரியும், ஒரே வீட்டிலேர்ந்து ரெண்டு பேரான்னு சென்டர்காரங்க போன்லயே கேட்டாங்க. எந்திரி, மார்க்கரைப் பிடி, இப்ப நீ வாத்தியார், நான் ஸ்டூடண்ட்.