சிவக்காத பக்கங்கள்

விசாரணைக்கு அழைத்தாலும், நாற்காலியை விசிறிக்குக் கீழே நகர்த்திக்கொள்ளச் சொன்னதற்கு நன்றி, ஐயா. ஆரணி வெயிலை இந்த வயது தாங்குவதில்லை.

பள்ளியில் கணக்காசிரியராக இருந்தேன். பத்தாம் வகுப்புத் தேர்வில் என் மாணவர் ஒருவரும் தவறியதில்லை. தவறக்கூடியவர்களை ஒன்பதாம் வகுப்பிலேயே நிறுத்திவிடுவேன். தோல்வியின் வலி அவர்களுக்கு எதற்கு?

ஓய்வு பெற்றபின், இரண்டாயிரத்து ஏழில், நெசவாளர்களுக்கு மருத்துவக் காப்பீடு வழங்கிய ஓர் அறக்கட்டளை என்னைப் பதிவு வேலைக்கு அழைத்தது. இணையத்தில் ஒரே பக்கம். மேலே குடும்பத் தலைவர், நடுவில் மனைவி மக்கள், கீழே தறி. ஒருமுறை அழுத்தினால் மூன்றும் தத்தம் இடத்திற்குப் போய், ஒன்றோடொன்று பிணைந்து நிற்கும். ஒரு வரி பிழையானாலும் எதுவும் பதியாது. பக்கம் முழுதும் சிவந்து திரும்பும். அரைகுறையாக ஒரு குடும்பம் பதிவாகக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்ததாக, அதை உருவாக்கிய ஜெயப்ரியா சொன்னாள். யாருக்கு எத்தனை பக்கம் திரும்பியது என்று சுவரில் எழுதிவைப்பார்கள். என் பெயருக்கு எதிரே எப்போதும் வெறுமைதான்.

முள்ளிப்பட்டிலிருந்து ஆரோக்கியசெல்வி வந்தாள். கணவன் தாவீது பட்டு நெய்பவன். மகன் பிலிப்புக்கு இதயத்தில் ஓட்டை. அவனுடைய அறுவைச் சிகிச்சைக்காகவே அவள் வந்தாள். அவனுக்குப் பிறப்புச் சான்று வாங்கியிருக்கவில்லை. சான்றில்லாத அவன் பெயரோடு அனுப்பினால் பக்கம் சிவக்கும். அவன் வரியை நீக்கிவிட்டு அழுத்தினேன்.

"புள்ள பேரு ஏறிச்சுங்களா சார்? அவனுக்காவத்தான் காலைலேர்ந்து நின்னுகினு இருக்கேன்."

"குடும்பமே ஏறிடுச்சும்மா. பேஜார் இல்லாம போய்ட்டு வா."

காப்பீட்டு அட்டையில் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே அச்சாகும். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

வகுப்பில் நான் ஒரு கதை சொல்வதுண்டு. ஏரி வற்றியதும் கொக்குக் கூட்டம் கிளம்பியது. சிறகொடிந்த ஒன்றும் எழுந்தது. 'நீ நாளைக்கு வா' என்றது தலைமைக் கொக்கு. கூட்டம் பத்திரமாக அடுத்த ஏரியை அடைந்தது. அந்தக் கொக்கு என்னவாயிற்று என்று பிள்ளைகள் கேட்பார்கள். கதை முடிந்துவிட்டது என்பேன்.

அடுத்த வாரம் அவள் சான்றோடு வந்தாள். யாரோ தேவைப்படும் என்றார்களாம். பதிவுக் காலம் முடிய இன்னும் நாள் இருந்தது. பிலிப்பைச் சேர்க்க வேண்டுமானால் பதிந்த குடும்பத்தைத் திறந்து, முழுவதையும் மீண்டும் அனுப்ப வேண்டும். அது சிவந்தாலும் சிவக்கலாம். சான்றை வாங்கி இழுப்பறையில் வைத்துக்கொண்டேன்.

வேலூர் மருத்துவமனையில் அவன் பெயர் இல்லை என்றார்கள். சிகிச்சைக்கு வேறு வழி தேடிக்கொண்டிருக்கும்போதே பையன் இறந்துவிட்டான். தாவீது என்னிடம் வந்து, அழாமல் கேட்டான்.

"எங்க ரெண்டு பேர் பேரும் கீது. அவன் பேரு மட்டும் எங்க சார் போச்சு?"

கணினியின் கோளாறு என்றேன். அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன்.

கணினியில் கோளாறு இல்லை, ஐயா. நீக்கியவன் நான். பிலிப்பை மட்டுமல்ல, சிவக்கச் செய்வார் என்று தோன்றிய ஒவ்வொருவரையும் நீக்கினேன். பெரும்பாலும் நோயாளிகள், நோயாளிகளின் வீட்டில்தான் சான்றுகள் சீராக இருப்பதில்லை. அவர்கள் பெயரையும் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பலர் இன்னும் உயிரோடு, அட்டையை நம்பி இருக்கிறார்கள். அவர்களிடம் இப்போது எதுவும் சொல்ல வேண்டாம். நிம்மதியாக இருக்கிறார்கள், அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.